பத்தியமும் பொறுமையும்



நான் சிறுவனாயிருந்த காலத்தில் எங்கள் ஊரிலே ஒரு பரியாரியார் இருந்தார். மருந்து வாங்கிப் போனவர் குணமாகவில்லை என்று திரும்பி வந்தால், நாடியைப் பிடிப்பதற்கு முன்பே அவர் ஒரு கேள்வி கேட்பார். "பத்தியத்தை முறிச்சனியோ?" என்பதே அக்கேள்வி. முறிக்கவில்லை என்று எவரும் துணிந்து விடை சொன்னதாக எனக்கு நினைவில்லை. சிலர் தலையைச் சொறிவர். சிலர் உடன் வந்த மனைவியின் முகத்தைப் பார்ப்பர். அந்தப் பரியாரியாரின் சூரணங்களில் என்ன சேர்ந்திருந்தது என்பது எனக்குத் தெரியாது. ஆனால் அவர் கேட்ட கேள்வியின் ஆழம், ஐம்பது வயதைக் கடந்தபின் நானே வயிற்றுநோயாளியாகிப் படுக்கையில் கிடந்தபோது விளங்கிற்று.

நான் வைத்தியன் அல்லன். வரலாறு படித்துப் பட்டம் பெற்று, பல ஆண்டுகள் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லி, இப்போது வவுனியாவில் ஓர் அரசாங்கப் பாடசாலையின் அதிபராக இருப்பவன். ஆதலின் மருந்துகளைப் பற்றி நான் அதிகம் சொல்லப்போவதில்லை. நீண்டகால வயிற்றுநோயிலிருந்து தேறி வருகின்ற ஒருவனை நாவின் வேட்கை எந்த வேடத்தில் வந்து சந்திக்கிறது, அவன் அதனை எவ்வாறு தாங்கலாம் என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள்.

எனக்கு வந்தது இரைப்பைப் புண். நம் பகுதியிலே வயிற்றில் எது வந்தாலும் 'காஸ்ரிக்' என்று ஒரே பெயரைச் சூட்டி, கடையில் ஒரு குளிசையை வாங்கிச் சப்பிவிட்டு வேலைக்குப் போவது வழக்கம். நானும் அவ்வாறே மூன்று ஆண்டுகளைப் போக்கினேன். அதனோடு முழங்கால் நோவுக்காக வேறு குளிசைகளையும் அடிக்கடி விழுங்கி வந்தேன். நோவைத் தணிக்கும் அக்குளிசைகளுட் பல, இரைப்பையின் உட்சுவரைக் காத்து நிற்கும் தன்மையைக் குறைத்துப் புண்ணுக்கு வழி திறப்பவை என்பதை அப்போது நான் அறியேன். ஈற்றில், குழாய்க் கருவியை உட்செலுத்திப் பார்த்த வைத்தியர் புண்ணைக் கண்டார். பரிசோதனையில் கிருமியும் இருப்பது தெரிந்தது.

இந்தக் கிருமியின் கதையைச் சற்றே சொல்லவேண்டும். கவலையும், காரமும், மிகுந்து சுரக்கும் அமிலமுமே இரைப்பைப் புண்ணுக்குக் காரணம் என்று உலகம் நெடுங்காலம் நம்பியிருந்தது. 1915ஆம் ஆண்டில் சிக்காகோ நகரத்து வைத்தியர் சிப்பி என்பவர், புண்ணுள்ளவர்களுக்கு மணிக்கொரு தடவை பாலும் பாலாடையும் கொடுக்கும் முறையை வகுத்தார். அம்முறை பல்லாண்டுகள் உலகெங்கும் பின்பற்றப்பட்டது. ஆனால் அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரத்தில் ரொபின் வொரன், பரி மார்ஷல் என்னும் இருவர், இரைப்பையின் அமிலத்திலேயே குடியிருக்கும் ஹெலிக்கோபற்றர் பைலோரி என்ற பற்றீரியாவை 1982இல் வளர்த்தெடுத்துக் காட்டினர். எவரும் நம்பாதது கண்டு, மார்ஷல் 1984இல் அக்கிருமி கலந்த நீரைத் தாமே குடித்து நோயை வரவழைத்துக்கொண்டார். இருவருக்கும் 2005ஆம் ஆண்டில் நோபல் பரிசு கிடைத்தது. இதனால் மிளகாயின்மேல் நாம் சுமத்தியிருந்த பழியில் பெரும்பகுதி நீங்கியது. பாலுக்குக் கொடுத்திருந்த புகழிலும் பெரும்பகுதி நீங்கியது. பால் புண்ணின் எரிவைச் சிறிது நேரம் தணிக்கும். பின்னர் அதுவே அமிலத்தைச் சுரக்கச் செய்யும். அயலவர் அன்போடு செம்பு செம்பாகக் கொண்டு வந்த பசுப்பாலை நான் மறுக்க நேர்ந்தது இதனாலேதான்.

அப்படியானால் பத்தியம் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். திறந்திருக்கும் புண்ணைக் காரமும் புளியும் எண்ணெய்ப் பொரியலும் பலருக்குக் கிளறி எரியச் செய்கின்றன. மதுவும் புகையும் ஆறுவதைத் தாமதிக்கச் செய்கின்றன. குடலழற்சி, நாட்பட்ட வயிற்றுளைவு ஆகியவற்றிலும் அவ்வந்த நோய்க்குரிய விலக்குகள் உண்டு. இவற்றை அவரவர் வைத்தியர் சொல்வார். ஆனால் எல்லாருக்கும் பொதுவான பத்தியம் ஒன்றுண்டு. அது சட்டியில் இல்லை, நாட்காட்டியில் இருக்கிறது. எனக்குச் சொல்லப்பட்டது இதுதான்: கிருமியை அழிக்கும் மருந்துகள் இரண்டு வாரம்; அமிலத்தைக் குறைக்கும் மருந்து எல்லாமாக எட்டு வாரம்; அதுவரை அடக்கமான உணவு. எட்டு வாரம் என்று கேட்டபோது, பாடசாலையில் ஒரு தவணையைக்கூட அது நிரப்பாதே என்று எளிதாக எண்ணினேன்.

காலிலே புண் வந்தால் கண்ணால் பார்க்கலாம். காய்ந்ததா, இன்னும் ஈரமாக இருக்கிறதா என்று அறிந்து நடக்கலாம். வயிற்றுப் புண்ணை யார் பார்ப்பது? நோவு நின்றது என்பதொன்றே நமக்குக் கிடைக்கும் செய்தி. அச்செய்தி பொய்யாகவும் இருக்கக்கூடும் என்பதற்கு ஒரு பழைய சான்று உண்டு.

1822ஆம் ஆண்டு யூன் மாதம் 6ஆந் திகதி, அமெரிக்காவின் மக்கினோ தீவிலே, தோல் வணிகர்களிடம் வேலை செய்த அலெக்சிஸ் சென் மார்ட்டின் என்ற இளைஞர்மீது தற்செயலாக ஒரு துவக்கு வெடித்தது. படைமுகாம் வைத்தியராயிருந்த வில்லியம் போமண்ட் அவரைப் பிழைக்க வைத்தார். ஆனால் விலாவின் கீழ் இரைப்பைவரை சென்ற துளை மூடாமலே நின்றுவிட்டது. அத்துளையினூடாகப் பட்டுநூலில் உணவைக் கட்டி இறக்கியும், இரைப்பையின் உட்புறத்தை நேரே நோக்கியும், 200க்கு மேற்பட்ட சோதனைகளைச் செய்து 1833இல் போமண்ட் நூலாக வெளியிட்டார். உயிருள்ள மனிதனின் இரைப்பை வேலை செய்வதை இவ்வளவு நெருங்கி ஆராய்ந்தவர் அதற்குமுன் இலர். சென் மார்ட்டின் மதுவில் விருப்பமுள்ளவர். ஒருமுறை எட்டுப் பத்து நாட்கள் தொடர்ந்து குடித்திருந்தார். போமண்ட் துளையினூடே நோக்கியபோது உட்சவ்வு சிவந்து, ஆங்காங்கே புண்பட்டுக் கிடந்தது. நோயாளியைக் கேட்டார். நோவு ஒன்றுமில்லை, உடம்பு நன்றாயிருக்கிறது, பசியும் நன்றாயிருக்கிறது என்று விடை வந்தது.

பசி நன்றாயிருக்கிறது! தேறிவரும் நோயாளி ஒவ்வொருவனும் சொல்லும் சொல் இதுவன்றோ? நோய் கடுமையாக இருக்கும் நாட்களில் உணவை விலக்குவது பெரிய செயலன்று. அப்போது உணவே நம்மை விலக்கிவிடும். நோவு ஓய்ந்து, பசி திரும்பி, புண் மட்டும் ஆறாமல் இருக்கும் அந்த இடைக்காலத்தில்தான் மனிதன் விழுகிறான். மிக்க உறுதியுடையவர் என்று உலகம் போற்றிய ஒருவரே அவ்வாறு விழுந்திருக்கிறார். அதனை அவர் மறைக்கவில்லை. தம் 'சத்திய சோதனை'யில் விரிவாகவே எழுதி வைத்தார்.

1918ஆம் ஆண்டில் காந்தியடிகள் குஜராத்தின் கேடா மாவட்டத்தில் கால்நடையாகத் திரிந்து கொண்டிருந்தார். வயது 48. உணவு பெரும்பாலும் அரைத்த நிலக்கடலையும் எலுமிச்சம்பழமும். நாம் கச்சான் என்று சொல்கிறோமே, அதே கடலைதான். அதனை அளவுக்கு மேல் உண்டால் தீங்கு என்று அறிந்தும் உண்டார். இலேசான வயிற்றுளைவு கண்டது. ஒருவேளை உணவை நிறுத்தினார், ஆறுதல் தெரிந்தது. முற்றாக நீங்கவேண்டுமாயின் பட்டினியை இன்னும் நீட்டவேண்டும், உண்பதாயின் பழச்சாறு மட்டுமே கொள்ளவேண்டும் என்பதும் அவருக்குத் தெரியும். அன்று ஏதோ ஒரு பண்டிகை நாள். மத்தியானம் எனக்கு ஒன்றும் வேண்டாம் என்று கஸ்தூரிபாய் அம்மையாரிடம் முன்னரே சொல்லியிருந்தார். ஆனால் அம்மையார், பாலும் நெய்யும் கொள்வதில்லை என்ற கணவரின் விரதத்துக்கு இணங்க, நெய்க்குப் பதிலாக எண்ணெய் சேர்த்து இனிப்பான கோதுமைக் கஞ்சி தயாரித்து, ஒரு கிண்ணம் பயறும் எடுத்து வைத்திருந்தார். இரண்டும் அவருக்கு விருப்பமானவை. மனைவியின் மனம் மகிழவும் நாவின் ஆசை தீரவும் சிறிதளவு உண்போம் என்று அமர்ந்தவர், வயிறு நிறைய உண்டு எழுந்தார். ஒரு மணி நேரத்துக்குள் வயிற்றுளைவு கடுமையாக வெளிப்பட்டது. அன்று மாலை ஒன்றேகால் மைல் தூரத்திலிருந்த சபர்மதிப் புகையிரத நிலையத்துக்கு மிகுந்த துன்பத்தோடு நடந்தார். நடியாத் சேர்ந்தபின் நாளொன்றுக்கு முப்பது நாற்பது தடவை போயிற்று. தம் உடல் இரும்பு என்று எண்ணியிருந்தவர், அது களிமண் கட்டியாகிவிட்டதை உணர்ந்தார்.

இந்த நிகழ்ச்சியை நான் பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறேன். அவர் முன் வந்து நின்றது வேட்கை என்ற பெயரோடு வரவில்லை. மனைவியின் மனம் கோணக்கூடாது என்ற அன்பாக வந்தது. பண்டிகைக்குரிய மரியாதையாக வந்தது. சிறிதளவுதானே என்ற கணக்காக வந்தது. உடம்பு ஆறுதலாக இருக்கிறதே என்ற தீர்ப்பாகவும் வந்தது. வேட்கை தன் உண்மைப் பெயரைச் சொல்லிக்கொண்டு வந்தால் நம்மில் பலர் அதனை வாசலிலேயே நிறுத்திவிடுவோம்.

நோய் அவரை எளிதில் விடவில்லை. மருந்தும் ஊசியும் வேண்டாம் என்று மறுத்தார். ஊசி மருந்தைப் பற்றித் தாம் அந்நாளில் கொண்டிருந்த அறியாமை நகைப்புக்கிடமானது என்று பின்னர் அவரே எழுதினார். உடல் தேறுவதற்காக மாதேரான் மலைக்குச் சென்றார்; அங்குள்ள நீர் ஒத்துக்கொள்ளவில்லை. மாதங்கள் கழிந்தும் மெலிவு தீரவில்லை. பம்பாயில் அவரைப் பார்த்த வைத்தியர் தலால், பால் அருந்தாவிடின் இவ்வுடலைத் தேற்ற இயலாது என்றார். பாலை விடுவதென்பது தென்னாபிரிக்காவில் 1912இல் எடுத்த முடிவு. விரதத்தை முறிக்க அவர் இசையவில்லை. அப்போது கட்டிலின் அருகே நின்ற கஸ்தூரிபாய் அம்மையார், ஆட்டுப்பாலுக்குத் தடை இராதே என்று கேட்டார். பசுவையும் எருமையையும் எண்ணியே விரதம் எடுக்கப்பட்டது என்பதனால் காந்தியடிகள் இசைந்தார். இது நடந்தது 1919ஆம் ஆண்டுத் தொடக்கத்தில். விரதத்தின் சொல்லைக் காத்து அதன் பொருளைக் கைவிட்டேன் என்று அவர் பிற்காலத்தில் வருந்தினார். அந்த வழக்கைத் தீர்க்க நான் முன்வரவில்லை. என் கண்ணில் படுவது வேறு. நோய்க்காலத்தில் இனிப்புக் கஞ்சியை வைத்துத் தடுமாறச் செய்ததும், தேறும் வழியைக் கண்டு சொன்னதும் ஒரே கைதான். 1927ஆம் ஆண்டு நவம்பரில் யாழ்ப்பாணம் வந்தபோது நம் முன்னோர் திரண்டு நின்று பார்த்த காந்தியடிகள், இவ்வாறு மரணத்தின் வாயிலிலிருந்து மீண்ட ஒருவர்.

இனி என் கதைக்கு வருகிறேன். சூலைநோயால் துடித்த மருணீக்கியார் தமக்கையாராகிய திலகவதியாரைத் தேடித் திருவதிகைக்குச் சென்றார் என்பதை நாம் பெரியபுராணத்திலே படித்திருக்கிறோம். நானும் என் தமக்கையின் வீட்டுக்குத்தான் சென்றேன். வேறுபாடு என்னவெனில், அவர் நோய் தீரச் சென்றார். நான் நோயை வாங்கி வந்தேன்.

மருந்து தொடங்கி ஐந்து வாரம் கடந்திருந்தது. ஆவணி விடுமுறை. நோவு அறவே இல்லை. அக்கா முள்ளியவளையில் இருக்கிறார். கடற்கரை அணித்தாகையால் நல்ல நண்டும் இறாலும் கிடைக்கும். அவருடைய கையால் காய்ச்சிய ஒடியற்கூழை அறியாதவர் எங்கள் உறவினருள் இல்லை. புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பே குளிசைகளை நிறுத்திவிட்டேன். ஏன் நிறுத்தினேன் என்று அன்று கேட்டிருந்தால், சுகமான பின் எதற்கு மருந்து என்று மிக அமைதியாக விடை சொல்லியிருப்பேன்.

அங்கே போனதும் முதல்நாள், "எனக்குக் கஞ்சி போதும் அக்கா" என்று கடமைக்காகச் சொன்னேன். அவர் முகம் மாறியது. "கஞ்சி எண்டு சொல்லாதை தம்பி. அந்த நாளையிலை உப்பும் தண்ணியும் அரிசியுமாக் காய்ச்சிக் குடிச்சுக்கொண்டு இருந்தனாங்கள். எனக்கு நல்ல காலம் வந்து, என்ரை தம்பி என்ரை வீட்டை வந்திருக்கேக்கை, கஞ்சி காய்ச்சித் தருவனோ?" என்றார்.

2009ஆம் ஆண்டின் முற்பகுதியில் அக்கா குடும்பத்தோடு இடம்பெயர்ந்து, முள்ளிவாய்க்காலில் இருந்து, பின்னர் செட்டிகுளத்து முகாமிலே பல மாதங்கள் கழித்தவர். வன்னியிலே இப்படிப்பட்ட அக்காமார் எத்தனையோ பேர். நோயாளிக்குக் கஞ்சியே நல்லது என்று வைத்திய நூல் சொல்லலாம். ஆனால் கஞ்சி என்ற சொல் எங்கள் வீடுகளிலே வேறு சிலவற்றையும் கிளப்பிக்கொண்டு வருகிறது. பட்டினியைக் கண்டு மீண்ட ஒருவர் முன்னால், விருந்தை ஒதுக்கி வைக்கும் மனிதன் நன்றி கெட்டவன் போலவே தோன்றுவான். இது வெளியூர் வைத்தியர்களுக்கும் நூல்களுக்கும் தெரியாத சங்கடம்.

அன்று நான் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் கூழ் காய்ந்தது. பனையோலைப் பிளாவில் மூன்று முறை வாங்கிக் குடித்தேன். உறைப்பில் கண்ணீர் வடிந்தது. அது மகிழ்ச்சிக் கண்ணீர் என்று அக்கா சிரித்தார். அதன் மறுநாள், வழியில் முழங்கால் நொந்தது என்று கடையிலே பழைய நோக்குளிசையை வாங்கி விழுங்கினேன். நான்காம் நாள் இரவு வயிறு எரிந்தது. காலையில் மலம் கீல் போலக் கறுத்துப் போயிற்று, தலை சுற்றியது. கறுத்த மலம் என்பது உள்ளே இரத்தம் கசிவதன் அடையாளம். இரத்த வாந்தி, காரணமில்லாத உடல் மெலிவு, விழுங்குவதில் தடை ஆகியனவும் அவ்வாறே ஒரு நாளும் தாமதியாமல் வைத்தியசாலைக்குச் செல்லவேண்டிய அறிகுறிகள். இவற்றை மட்டும் தயவுசெய்து நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு இரத்தம் ஏற்றினார்கள். ஐந்து நாள் வைத்தியசாலையில் இருந்தேன்.

அங்கே என்னைப் பார்த்த இளம் வைத்தியர் என் பழைய மாணவர்களுள் ஒருவர். கூழினால்தான் இவ்வளவும் வந்தது என்று நான் வருந்தியபோது அவர் மெதுவாகச் சொன்னார்: "சேர், கூழ் குடிச்சதாலை இரத்தம் வரேல்லை. குளிசையை இடையிலை விட்டதாலையும், முழங்காலுக்குக் குளிசை போட்டதாலையும் வந்தது. ஆனா, கூழ் குடிக்கிற எண்ணத்திலை தானே சேர் குளிசையை விட்டனீங்கள்?"

வகுப்பிலே விடை தெரியாமல் எழுந்து நிற்கும் மாணவனைப் போல இருந்தது எனக்கு. சுகமாகிவிட்டேன் என்ற தீர்ப்பு, உண்மையில் கூழுக்காக நான் எழுதிய தீர்ப்பு. நாவின் வேட்கை சட்டிக்குள் கையை விடுவதற்கு முன்பே மருந்துப் பெட்டியை மூடிவிட்டது.

இரண்டாம் முறை சிகிச்சை தொடங்கியபோது சில ஏற்பாடுகளைச் செய்துகொண்டேன். முதலாவது, எப்போது சுகம் என்று தீர்மானிக்கும் உரிமையை என்னிடமிருந்து எடுத்துவிட்டேன். வைத்தியர் குறித்த திகதியை நாட்காட்டியில் வட்டமிட்டு, அந்நாட்காட்டியை என் மேசைமேல் வைக்காமல் சமையலறைச் சுவரில் மாட்டினேன். பரீட்சைத் திகதியைப் பிள்ளைகள் தீர்மானிப்பதில்லை. தாம் ஆயத்தம் என்று தோன்றிய அன்று அவர்கள் பரீட்சை எழுதுவதுமில்லை. நோவு நிற்பது நோயாளியின் கணக்கு; புண் ஆறுவது உடம்பின் கணக்கு. கிருமி ஒழிந்ததா என்று அறியும் பரிசோதனையைக்கூட, கிருமிக்கொல்லி மருந்து முடிந்து நான்கு வாரமேனும் கழித்துத்தான் செய்கிறார்கள். அதற்குமுன் செய்தால், ஒளிந்திருக்கும் கிருமி இல்லாததுபோலத் தோன்றி ஏமாற்றிவிடுமாம்.

அடுத்தது வழி மாற்றம். பாடசாலை விட்டு வரும்போது பஸ் நிலையத்தருகே ஒரு தேநீர்க் கடையில் நான்கு மணிக்கு வடை பொரிப்பார்கள். நான் உள்ளே நுழைவதில்லை. ஆயினும் அந்த இடத்தைக் கடக்கும்போதெல்லாம் வயிறு கிள்ளும். இதன் காரணத்தை ரஷ்ய நாட்டு அறிஞர் இவான் பவ்லோவ் நூறாண்டுகளுக்கு முன்பே விளக்கிவிட்டார். நாயின் உணவுக்குழலைத் திறந்து, உண்ட உணவு வயிற்றுக்குப் போகாமல் வெளியே விழும்படி செய்தார். வயிற்றுக்குள் ஒரு கவளமும் போகாதபோதும் இரைப்பைநீர் பெருகிச் சுரந்தது. உணவைக் காட்டிய மாத்திரத்திலேயும் சுரந்தது. சமிபாட்டைப் பற்றிய இவ்வாராய்ச்சிகளுக்காக 1904இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. மனிதனுக்கும் இதே நியமந்தான். வடையின் மணம் மூக்கை அடைந்தவுடன் இரைப்பை தன் அமிலத்தோடு ஆயத்தமாகிவிடுகிறது. 'நான் பார்த்துக்கொண்டு மட்டும் இருப்பேன், உண்ணமாட்டேன்' என்று விருந்துப் பந்தலில் உட்காருபவர், தம் மனவுறுதியைக் காட்டுகிறாரேயன்றி வயிற்றுக்கு நன்மை செய்யவில்லை. ஆதலால் நான் வேறு வீதியாலே நடந்து வீடு சேர்ந்தேன். இரண்டு நிமிட நடை கூடிற்று. அந்த நான்கு மணிப் பசியும், வீட்டுக்கு வந்து ஒரு வாழைப்பழமும் இரண்டு பிஸ்கட்டும் கொண்டபின் கால்மணி நேரத்தில் அடங்கிப் போவதைக் கண்டேன். வெறும் வயிற்றோடு வேட்கையை எதிர்ப்பது வீண் வீரம்.

உறைப்பில்லாமல் எப்படி உண்பது என்று பலர் என்னிடம் கேட்டார்கள். வரலாற்று ஆசிரியன் என்ற முறையில் அவர்களுக்கு ஒரு விடை வைத்திருந்தேன். மிளகாய் அமெரிக்கக் கண்டத்துச் செடி. போர்த்துக்கேயர் இலங்கைக் கரையை அடைந்தது 1505இல். அதற்கு முன் இந்த வன்னியிலே குளங்கட்டி வயல் விதைத்தவர் எவரும் மிளகாயை நாவால் அறியார். மிளகைப் போல உறைக்கும் காய் என்பதனாலேயே அதற்கு மிளகாய் என்று பெயர் வந்தது. உறைப்பின் வேட்கை நம் இரத்தத்தில் ஊறியது என்பது வெறும் பழக்கத்தின் பெருமை. இவ்விளக்கம் கேட்டவர்களை மகிழ்வித்ததே தவிர, என் நாவை மகிழ்விக்கவில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். முதல் மூன்று வாரம் சொதியும் இடியப்பமும், தூள் போடாத வெள்ளைக் கறியும் எனக்கு வைக்கோல் போலவே இருந்தன. ஆனால் நாவுக்கும் படிப்பு உண்டு. உப்பைக் குறைத்து உண்பவர்களுக்கு இரண்டு மூன்று மாதங்களில் பழைய அளவு கரிப்பாகத் தோன்றுகிறது என்று ஆராய்ந்தவர்கள் கூறுகிறார்கள். எனக்கு ஆறாவது வாரமளவில், சொதியிலே வெந்தயத்தின் வாசம் தனியாகவும் தேங்காய்ப்பாலின் இனிமை தனியாகவும் தெரியத் தொடங்கின. அதுவரை ஐம்பது ஆண்டுகள் நான் சொதி உண்டது உறைப்பின் திரைக்குப் பின்னால் நின்றுதான்.

ஒருநாள் தவறினேன். பாடசாலையில் ஆசிரியர் ஒருவரின் பிரியாவிடையிலே, கை தானாக நீண்டு ஒரு மீன் பற்றிஸை எடுத்துவிட்டது. முன்னைய நானாயின், முறிந்தது முறிந்ததுதான் என்று இரண்டாவதையும் எடுத்திருப்பேன். ஒரு தவறுக்குப் பின் வரும் அந்த எண்ணம், தவறைவிடக் கெடுதியானது. இராத்திரி வழக்கம்போல் இடியப்பத்தை உண்டு, வழக்கம்போல் குளிசையைப் போட்டேன். மனைவி ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பொய் சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறேன்.

வள்ளுவர் மருந்து என்று பெயரிட்ட அதிகாரத்திலே ஒரு மூலிகையின் பெயர்கூட இல்லை. அளவறிந்து உண்பதைப் பற்றியே பெரும்பாலும் பேசுகிறார். இறுதிக் குறளில் மருத்துவத்தை நான்கு கூறாக வகுக்கிறார். நோயுற்றவன், தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து துணைசெய்பவன் என்பன அவை. நோயாளியை முதலில் வைத்தார் என்பது பலரும் சொல்வது. நான்காவதாகத் துணைசெய்பவனை வைத்தாரே, அதுதான் என் அனுபவத்தில் பெரிது. வீட்டார் அறியாமல் காக்கும் பத்தியம் நிலைக்காது. அவர்களுடைய அன்பு உணவாகவே வெளிப்பட்டுப் பழகியது. அதற்கு வேறு வாய்க்கால் வெட்டிக் கொடுக்க வேண்டியது நோயாளியின் கடமை.

வைத்தியசாலையிலிருந்து நான் வீடு திரும்பியதும் அக்கா வவுனியாவுக்கு வந்துவிட்டார். தம்மால் வந்த வினை என்று எண்ணி அழுதார். வைத்தியர் சொன்னதை அப்படியே அவரிடம் சொல்லி, பிழை என்னுடையது என்று விளக்கினேன். பிறகு கேட்டேன்: "எனக்கு இன்னும் எட்டுக் கிழமை இருக்கு அக்கா. உறைப்பில்லாமல் ருசியாச் சமைக்க உங்களுக்குத்தான் தெரியும். செய்து தருவியளோ?" அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, வீட்டில் மிளகு இருக்கிறதா, நல்ல சீரகம் இருக்கிறதா என்று கேட்டார். அன்று தொடங்கி பூசணிக்காய்ப் பாற்கறியும், முருங்கையிலைச் சொதியும், வாழைக்காய் அவித்துத் தாளிக்காத கறியுமாக அவர் கையில் பிறந்தவற்றுக்கு நான் எண்ணிக்கை வைக்கவில்லை. பயறு போட்டுத் தேங்காய்ப்பால் விட்ட கஞ்சி ஒன்று மூன்றாம் வாரத்தில் மேசைக்கு வந்தது. அதை அவர் கஞ்சி என்று சொல்லவில்லை. பாற்சோறு தண்ணியாய்ப் போச்சுது என்றார். எனக்கு ஒரு கோப்பை வார்த்துவிட்டு, சிறிது நேரம் நின்று, தமக்கும் ஒரு கோப்பை வார்த்துக்கொண்டு அருகே அமர்ந்தார். இருவரும் பேசாமல் குடித்தோம்.

வட்டமிட்ட திகதி கார்த்திகையிலே வந்தது. பரிசோதனையில் கிருமி இல்லை என்று தெரிந்தது. முழங்காலுக்கு இப்போது வேறு மருந்தும், காலையிலே சிறிது பயிற்சியும். தை பிறந்தபின் முள்ளியவளைக்குப் போனபோது கூழ் காய்ந்தது. உறைப்பைப் பாதியாகக் குறைத்திருந்தார்கள். இரண்டு பிளா குடித்தேன். மூன்றாவதை வார்க்க அக்கா அகப்பையோடு வந்தபோது பிளாவைக் கையால் மூடினேன். அவர் வற்புறுத்தவில்லை, என் மருமகனின் பிளாவில் வார்த்துவிட்டு, குளிசை கொண்டு வந்தனியோ என்று கேட்டார்.